வினா யாருடையது? ‘சொலென்ரினாமேயில் நற்செய்தி’ பற்றிய ஒரு விமரிசன நோக்கு

மூன்றாம் வருடம், கலைப்பீடம்

1

தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் ஒரு சமயக் கல்வி நூலாகும். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களே கொண்டது. கிறித்தவ மறையின் அடிப்படைச் செபங்களையும் கோட்பாடுகளையும் மனனஞ் செய்வதற்கு ஏற்ற வடிவிலே தருவது அதன் நோக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’ வினாவிடை அமைப்பிலே விரிவாகச் செய்யப்பட்டது. இவற்றுக்கும் முன்னர், 1540களில் முத்துக்குளித்துறைக் கரையூர்களிற் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார் கைமணியை அடித்துத் தெருக்களில் நடந்து சிறுவரைக் கூட்டி, அவர்களுக்குச் செபங்களைப் பாடமாக்குவித்து, வீட்டிலுள்ள பெற்றோருக்கு அவற்றைச் சொல்லிக்கொடுக்கும்படி அனுப்பியதாகத் தம் கடிதங்களிற் குறிப்பிட்டுள்ளார். பிள்ளையின் வாய்வழியே பெரியோர் கற்ற கல்வி அது.

இவ்வடிவம் கிறித்தவத்தோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டு, மிசன் கல்வியின் நுட்பங்களை உள்நின்று அறிந்த ஆறுமுக நாவலர், அதே வடிவைக் கையிலெடுத்துச் ‘சைவ வினாவிடை’யை ஆக்கினார். எதிராளியின் படைக்கலத்தையே தன்வயமாக்கிக்கொண்ட அவருடைய திறமை நமது இலக்கிய வரலாற்றாசிரியர்களாற் பலபடப் பாராட்டப்பட்டுள்ளது. ஆயினும் இருசாராருக்கும் பொதுவாயமைந்த அந்த வடிவத்தின் உள்ளியல்பு பற்றிப் போதிய அளவு சிந்திக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

வினாவிடை நூலிலே வினாவைக் கேட்பவன் விடையை முன்னரே அறிந்தவன். விடை கூறுபவனோ அதனைத் தானாகக் கண்டடைந்தவனல்லன். ஆகவே அங்கு வினாவுமில்லை, விடையுமில்லை. உள்ளது ஒப்புவித்தல் மாத்திரமே. நான் சிறுவனாயிருந்த காலத்தில் எமது கிராமத்துத் தேவாலயத்தின் மறைக்கல்வி வகுப்பிலே ஒருமுறை, நல்லவரான கடவுள் எங்கள் ஊரை ஏன் இத்தனை தரம் இடம்பெயரவைத்தார் என்று கேட்டேன். ‘பெரியவனானால் விளங்கும்’ என்பதே எனக்குக் கிடைத்த விடை. பெரியவனான பின்னர் பூசையிலே பெரியோருடன் இருந்து பார்த்தேன். அங்கே எவரும் எதுவும் கேட்பதில்லை, பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தனர். சிறுவருக்கு ஒப்புவித்தல், பெரியோருக்கு மௌனம் என்ற இவ்விரு நிலைகளுக்கும் இடையே என் வினா எங்கே போயிற்று என்ற எண்ணம் என்னை விட்டகலவில்லை. இக்கட்டுரைக்கு அதுவே தோற்றுவாய்.

இம்மௌனம் உடைந்த ஓரிடத்தின் பதிவாக அமைவது ‘சொலென்ரினாமேயில் நற்செய்தி’ என்னும் நூல். முற்போக்குக் கிறித்தவத்தின் சமயக் கல்வி எத்தகையது, அதன் வலு யாது, அதன் எல்லை யாது என்பவற்றை அறிவதற்கு இந்நூலைப் போன்ற சான்று பிறிதொன்றைக் காண்பது அரிது. அதனைப் புகழ்ந்துரைப்பது என் நோக்கமன்று. அந்நூல் தன்னைப்பற்றித் தானே கூறுவதை அவ்வாறே ஏற்றுக்கொள்ளலாமா என்று ஆராய்வதே நோக்கமாகும்.

2

சொலென்ரினாமே மத்திய அமெரிக்காவிலுள்ள நிக்கரகுவா நாட்டின் பேரேரியிலே அமைந்த ஒரு தீவுக்கூட்டம். கமஞ்செய்தும் மீன்பிடித்தும் வாழும் வறிய குடியானவர்களே அங்குள்ளோர். 1966ஆம் ஆண்டு அங்குள்ள மன்காறோன் தீவுக்கு ஏர்னெஸ்ரோ கார்தெனால் என்னும் குருவானவர் வந்து ஒரு சிறு சமூகத்தை நிறுவினார். 1925இற் பிறந்த இவர் இலத்தீன் அமெரிக்காவின் முதன்மைக் கவிஞர்களுள் ஒருவர். அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்துத் திராப்பிஸ்ட் மடமொன்றில் 1957 முதல் 1959 வரை புகுமுகத் துறவியாக இருந்தவர். அங்கே அவருக்கு வழிகாட்டியாயிருந்தவர் தோமஸ் மேர்ட்டன். மேர்ட்டன் 1968 டிசெம்பரில் தாய்லாந்திற் காலமாவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் பொலன்னறுவைக்கு வந்து கல்விகாரைச் சிலைகளின் முன் நின்றமையை நம்மவர் நினைவுகூரலாம்.

தியான வாழ்வுக்கான மடமொன்றை அமைப்பதே கார்தெனாலின் முதல் எண்ணம். ஆனால் ஞாயிறுதோறும் படகுகளில் வந்துசேரும் குடியானவர்களுக்குப் பிரசங்கம் செய்வதை விடுத்து, அன்றைய நற்செய்திப் பகுதியை வாசிக்கச் செய்து, அதனைப்பற்றி அவர்களையே பேசவிடும் வழக்கம் அங்கே உருவாயிற்று. சில வேளைகளில் தேவாலயத்திலும், சில வேளைகளில் எதிரேயிருந்த ஓலைக் கொட்டகையிலும் இவ்வுரையாடல் நிகழும். பின்னர் எல்லோரும் ஒன்றாக உண்பர். இவ்வுரையாடல்களுட் பல ஒலிப்பதிவு செய்யப்பட்டு, எழுத்துருப் பெற்று, 1975, 1977ஆம் ஆண்டுகளில் ஸ்பானிய மொழியில் நூலாக வெளிவந்தன. ஆங்கில மொழிபெயர்ப்பு நான்கு தொகுதிகளாக அமைந்தது.

இந்நிகழ்வைத் தனித்த ஓர் அற்புதமாகக் கருதுதல் தவறு. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் விவிலியத்தைப் பொதுநிலையினரின் கைக்குக் கொண்டுவரும் வழியைத் திறந்தது. 1968இல் கொலம்பியாவின் மெடெலின் நகரிற் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர் பேரவை வறியோர் பக்கம் திருச்சபையின் பார்வையைத் திருப்பியது. அதே காலப்பகுதியில் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெயிரே ‘ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை’யை எழுதினார். மாணவனை வெறும் பாத்திரமாகக் கருதி, வங்கியிற் பணமிடுவதுபோல் அறிவை அவனுள் இட்டுவைக்கும் கல்வியை அவர் கண்டித்தார்; ஆசிரியனும் மாணவனும் உலகை ஒன்றாக நோக்கிப் பெயரிடும் உரையாடற் கல்வியை முன்வைத்தார். அவருடைய கண்டனம் நமது வினாவிடை மரபுக்கும் சொல்லுக்குச் சொல் பொருந்தும். சொலென்ரினாமே இச்சிந்தனைகள் யாவும் சந்தித்த ஒரு புள்ளி.

3

இந்நூல் நாடகத்தின் தோற்றமுடையது. பேசுவோரின் பெயர், அவர் கூற்று, அடுத்தவர் கூற்று என்ற வகையிலேயே பக்கங்கள் நகர்கின்றன. சில ஞாயிறுகளைப் படித்தபின் பெயர்கள் மனிதர்களாகிவிடுகின்றனர். முன்னுரையிலே கார்தெனால் அவர்களை நமக்கு அறிமுகஞ் செய்கிறார். எதையும் புரட்சியோடு தொடர்புபடுத்தும் லவுறெயானோ, அன்பையே வற்புறுத்தும் றெபேக்கா, வருங்காலச் சமுதாயத்தைக் கனவுகாணும் எல்விஸ், பழமைபேணும் பஞ்சோ எனப் பலர். வாசிக்கத் தெரியாதவராயினும் ஆழ்ந்த ஞானத்தோடு பேசுபவர் எனத் தோமாஸ் பெஞ்ஞா என்னும் முதியவர் சுட்டப்படுகிறார். அவருடைய மகன் பெலிப்பேயும் அதே வட்டத்திலிருந்து பேசுகிறான். ஒலிவியா என்னும் தாயும், அவள் மகன் அலெஹாந்திரோவும் அவ்வாறே.

இங்கு நாம் நின்று நோக்கவேண்டும். நமது தேவாலயங்களிலும் கோயில்களிலும் சமயக் கல்வி வயதின் அடிப்படையிலே கூறுபடுத்தப்பட்டுள்ளது. பிள்ளைகளுக்கு வகுப்பு, பெரியோருக்குப் பிரசங்கம். எழுத்தறிவுள்ள பிள்ளை எழுத்தறியாத தந்தையைவிட ‘அறிந்தவன்’ ஆகின்றான். சொலென்ரினாமே வட்டத்தில் இது தலைகீழாகின்றது. வாசிக்கத் தெரிந்த இளையோர் உரக்க வாசிக்கின்றனர். வாசிக்கத் தெரியாத முதியவர் பொருள் கூறுகின்றார். மகன் தந்தையை மறுக்கலாம். தந்தை மகனைத் திருத்தலாம். பிள்ளையின் வினாவுக்குப் ‘பெரியவனானால் விளங்கும்’ என்று எவரும் விடைகூற இயலாத நிலை அது. ஏனெனில் பெரியவர்களும் அங்கே விளங்கிக்கொள்வதற்காகவே கூடியிருக்கின்றனர். சமயக் கல்வி பற்றிய முறையியல் நூல்கள் பல கூறுவதிலும் மேலான உண்மை இந்த எளிய அமர்வொழுங்கிலே பொதிந்துள்ளது.

நூலின் இயல்பை நன்கு காட்டும் பகுதி மரியாளின் பாடல் பற்றிய உரையாடலாகும். வலியோர் அரியணையினின்று வீழ்த்தப்படுவதையும் பசித்தோர் நிறைவடைவதையும் பாடும் லூக்கா நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்டபின், சாதாரணப் பெண்ணொருத்தி இவ்வாறு பாடியதை ஏரோது மன்னன் அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று கார்தெனால் கேட்கிறார். அவளுக்குப் பைத்தியம் என்றிருப்பான் என ஒரு பெண் சிரித்தபடி கூறுகிறாள். பொதுவுடைமைக்காரி என்றிருப்பான் என்கிறாள் இன்னொருத்தி. அப்போது லவுறெயானோ, மரியாளை அவ்வாறு சொல்லியிருப்பார்கள் என்பதோடு விடயம் முடிவதில்லை, மரியாள் உண்மையிலேயே அத்தகையவள்தான் என்கிறான்.

மூன்று மறுமொழிகள், மூன்று படிநிலைகள். முதலாவது மறுமொழி அதிகாரத்தின் ஏளனத்தை அறிந்துள்ளது. தாம் வாய்திறந்தால் பைத்தியம் எனப்படுவோம் என்பது அக்குடியானவப் பெண்ணின் வாழ்க்கை அனுபவம். இரண்டாவது மறுமொழி அதிகாரத்தின் அச்சத்தை அறிந்துள்ளது. மூன்றாவது, அதிகாரம் இட்ட வசைப்பெயரையே உரிமையுடன் எடுத்துச் சூடிக்கொள்கிறது. சில வரிகளுக்குள் ஒரு சமூகப் பிரக்ஞையின் வளர்ச்சி நிகழ்ந்துவிடுகிறது. எந்தப் பிரசங்கமும் இதனைச் செய்திருக்க முடியாது. பிரசங்கியின் வாயில் மூன்றாவது கூற்று வெறும் கோசமாக ஒலித்திருக்கும். சிரிப்பின் பின்னர் வருவதாலேயே அது உண்மையாகின்றது.

இவ்வுரையாடல்கள் ஓவியமாகவும் விரிந்தன. கார்தெனாலின் ஊக்கத்தால் அத்தீவுகளின் குடியானவர்கள் வரையத் தொடங்கினர். ஏரியும் படகும் வாழைத்தோட்டமும் நிறைந்த அவர்களுடைய ஓவியங்களில் விவிலிய நிகழ்ச்சிகள் தீவிலேயே நடக்கின்றன. மாசற்ற குழந்தைகளின் படுகொலையைச் சித்திரிக்கும் ஓவியத்தில் ஏரோதின் படையினர் சொமோசாவின் தேசியக் காவற்படையின் சீருடையில் நிற்கின்றனர். உருவகம் என்று இதனைச் சொல்வது போதாது. அவ்வோவியத்தை வரைந்த கைக்கு வேறு எந்தப் படையினரும் தெரியாது. 1976இல் இத்தீவுக்கு வந்த ஆர்ஜென்டீன எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாசார், அவ்வோவியங்களைப் படம்பிடித்துச் சென்ற ஒருவன் வீட்டிலே திரையிட்டுப் பார்க்கையில் படுகொலைகளும் சித்திரவதைகளும் தோன்றுவதாகச் சிறுகதையொன்று எழுதினார். வண்ணங்களின் பின்னே மறைந்திருந்ததை அவர் சரியாகவே கண்டார்.

4

இத்துணைச் சிறப்புகளும் இருக்க, நூலை மீண்டும் ஒருமுறை படிக்கையில் சில ஐயங்கள் எழுகின்றன.

முதலாவது, தொகுப்பாசிரியரின் இடம். நூலின் உண்மையான ஆசிரியர் தூய ஆவியே என்கிறார் கார்தெனால். சமய நோக்கில் இது பணிவு. விமரிசன நோக்கில் இது மறைப்பு. எதை அச்சிடுவது, எதை விடுப்பது, எந்தக் கூற்றோடு உரையாடலை முடிப்பது என்ற முடிவுகள் ஒரு கவிஞருடையவை. அக்கவிஞர் சாதாரணப் பேச்சையும் புறவுலகப் பொருள்களையும் கொண்டே கவிதை செய்யவேண்டும் என்ற கொள்கையுடையவர். ஆகவே இந்நூலில் நாம் கேட்பது குடியானவரின் குரல்தான் எனினும், அக்குரல் ஒரு கவிஞரின் செவிவழியாக வருகின்றது. இதனை மறந்துவிட்டு ‘மக்களே பேசுகின்றனர்’ என்று கொண்டாடுவது, நாட்டார் பாடல்களைத் திருத்திப் பதிப்பித்துவிட்டு அவற்றை அப்படியே மக்கள் இலக்கியம் என்று கூறுவதைப் போன்றது.

இரண்டாவது, வினாவின் உரிமை. மேலே காட்டிய பகுதியில் வினாவைத் தொடுத்தவர் குருவானவரே. ஏரோது பற்றிய வினா திறமையான வினா. ஆனால் அது எத்திசையில் உரையாடல் செல்லவேண்டும் என்பதையும் சுட்டுகின்றது. நூலின் பல பக்கங்களில் உரையாடல் வெவ்வேறு வாயில்களாற் புகுந்து ஒரே முற்றத்தை அடைகின்றது. செல்வம், ஏழ்மை, அநீதி, புரட்சி என்ற வரிசை சில ஞாயிறுகளின் பின் எதிர்பார்க்கத்தக்கதாகிவிடுகிறது. விடை முன்னரே தெரிந்துவிட்டால், உரையாடலும் இன்னொரு வினாவிடை நூலாகிவிடுமன்றோ?

இவ்வையத்துக்கு நூலே ஓரளவு விடை தருகின்றது என்பதையும் கூறவேண்டும். பழமைபேணும் பஞ்சோவின் கூற்றுகள் நீக்கப்படவில்லை. பிறர் அவரை மறுத்துரைக்கின்றனர். ஆயினும் அவர் அடுத்த ஞாயிறும் வருகிறார், பேசுகிறார். அன்பை விடாது வற்புறுத்தும் றெபேக்காவின் குரல், போராட்டத்தை வற்புறுத்தும் இளைஞரின் குரலோடு எளிதில் இணங்கிவிடுவதில்லை. இவ்விணங்காமையே நூலின் உயிர். லவுறெயானோவின் கூற்றுகளை மட்டும் தொகுத்தால் ஒரு துண்டுப்பிரசுரம் கிடைக்கும். பஞ்சோவையும் றெபேக்காவையும் சேர்த்தமையாலேயே அது இலக்கியமாகின்றது. தொகுப்பாசிரியர் தம் கொள்கையையும் மீறி நேர்மையாயிருந்த இடங்கள் இவை.

மூன்றாவது, மொழி. வட்டத்திலே வாசிக்கப்பட்டது எளிய ஸ்பானிய நடையிலமைந்த மொழிபெயர்ப்பு. நற்செய்தியின் மொழி தம் பேச்சுக்கு அண்மையிலிருந்தமையால் மக்கள் அதனோடு பேசத் துணிந்தனர். நமது நிலை என்ன? தமிழில் நெடுங்காலம் வழங்கிய விவிலிய நடை பயபக்தியை ஊட்டியது, வினாவை ஊட்டவில்லை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இக்குறையைப் பெரிதும் நீக்கியது. எனினும் நடை எளிதாயிற்றேயன்றிக் கேட்டோர் வாய்திறக்கும் அமர்வு பெரும்பாலும் உருவாகவில்லை. மொழி தேவையான நிபந்தனை, போதிய நிபந்தனையன்று.

5

இந்நூலை மதிப்பிடுவோர் எவரும் தவிர்க்கவியலாத நாள் 1977 ஒக்ரோபர் 13. அன்று சொலென்ரினாமே இளைஞர்கள் சிலர் சண்டினிஸ்ரா முன்னணியினருடன் சேர்ந்து சான் கார்லொஸ் நகரிலிருந்த தேசியக் காவற்படை முகாமைத் தாக்கினர். எல்விஸ், டொனால்ட் ஆகிய இருவரும் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். பெலிப்பே சிறைப்பட்டான். படையினர் தீவுக்கு வந்து சமூகத்தின் குடில்களையும் நூலகத்தையும் அழித்தனர். அவ்வேளை கார்தெனால் நாட்டுக்கு வெளியே இருந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் அவர் எழுதிய பகிரங்கக் கடிதத்தில், தங்களை எல்லாவற்றிலும் மேலாகத் தீவிரப்படுத்தியது நற்செய்தியே என்று கூறினார். 

அதனை வாசித்த அமெரிக்க இயேசுசபைக் குருவும் கவிஞருமான டானியல் பெரிகன், வியட்நாம் போரை எதிர்த்துச் சிறைசென்றவர், 1978இல் மறுமொழி எழுதினார். எந்தக் கொள்கையும் ஒரு மனித உயிருக்கு ஈடாகாது என்ற நிலைப்பாட்டில் நின்று ஆயுதத்தை அவர் நிராகரித்தார். இருவரும் குருமார், இருவரும் கவிஞர், இருவரும் ஒரே நற்செய்தியை வாசித்தவர்கள். அவர்களிடையேயான இவ்விவாதம் முடிந்த விவாதமன்று.

இந்த மண்ணிலே வளர்ந்த எவரும் இப்பகுதியை வெளிநாட்டுச் செய்தியாகப் படிக்கவியலாது. வகுப்பறையில், நூலகத்தில், வாசகர் வட்டத்தில் உலகின் அநீதியைப் பெயரிட்டுப் பேசக்கற்ற இளைஞர்கள் ஒருநாட் காலை வீட்டிற் காணாமற் போன கதை நமக்கும் உண்டு. சொமோசா குடும்பம் 40 ஆண்டுகளுக்கு மேல் நடத்திய கொடுங்கோலாட்சியின் கீழ் ஆயுதம் தவிர வேறுவழி இருந்ததா என்று தீர்ப்புரைக்க எனக்குத் தகுதியில்லை. ஆயினும் கல்வி பற்றிய வினாவொன்றை இங்கே தவிர்க்கமுடியாது. மாணவனின் வாயைத் திறந்துவிடும் ஆசிரியன், அவ்வாய் உரைக்கும் இறுதிச் சொல்லுக்கும் பொறுப்பாளியா? பொறுப்பில்லை என்பவன் மாணவனைத் தனியே அனுப்புகின்றான். முழுப்பொறுப்பும் எனதே என்பவன் மாணவனின் சுயாதீனத்தை மறுக்கின்றான். கார்தெனால் தம் கடிதத்தில் அவ்விளைஞர்களின் முடிவை அவர்களுடையதாகவே மதித்தார். அதேவேளை அவர்களை அவ்விடத்துக்குக் கொண்டுவந்த பாதை தம்முடையதும் என்பதை மறுக்கவில்லை. இம்முரண்பாட்டை அவர் தீர்க்கவில்லை, சுமந்தார். அதனை நேர்மை என்றே நான் கொள்கிறேன். அது போதுமானதா என்று பெரிகனோடு சேர்ந்து கேட்கவும் செய்கிறேன்.

6

1979 யூலையில் சொமோசா ஆட்சி வீழ்ந்தது. கார்தெனால் பண்பாட்டு அமைச்சரானார். 1980இல் அவருடைய சகோதரரும் இயேசுசபைக் குருவுமான பெர்னாண்டோ கார்தெனாலின் தலைமையில் மாபெரும் எழுத்தறிவு இயக்கம் நடைபெற்றது. பல்லாயிரம் இளைஞர் நாட்டுப்புறங்களுக்குச் சென்று 5 மாதங்கள் கற்பித்தனர். எழுத்தறியாதோர் விகிதம் ஏறத்தாழ 50 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகக் குறைந்ததாக அரசு கணித்தது. பிரெயிரேயின் ஆலோசனையும் பெறப்பட்ட இவ்வியக்கத்தின் சாதனையை எவரும் குறைத்து மதிப்பிடவியலாது.

எனினும் அவ்வியக்கத்தின் பாடநூலைச் சொலென்ரினாமே நூலுக்கு அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். அதன் முதற் பாடங்கள் சண்டினோவையும் முன்னணியின் நிறுவுநர் கார்லொஸ் பொன்சேகாவையும் புரட்சியையும் பற்றிய வாக்கியங்கள். படத்தைப் பார்த்துக் கலந்துரையாடுமாறு ஆசிரியர் பணிக்கப்பட்டாலும், உரையாடலின் முடிவு பாடத்தின் தலைப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஏரோது என்ன சொல்வான் என்ற வினா அங்கே இல்லை. ஏனெனில் ஏரோது ஓடிவிட்டான். புரட்சி ஆட்சியானதும் உரையாடல் வினாவிடையாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பழைய மறைக்கல்வி நூலின் வடிவம் புதிய விடைகளோடு திரும்பிவந்தது.

பின்வந்த வரலாறு கசப்பானது. 1983 மார்ச்சில் மனாகுவா விமானநிலையத்தில் முழந்தாளிட்ட கார்தெனாலைப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் விரல்நீட்டிக் கண்டித்த காட்சி உலகறிந்தது. தொடர்ந்து அவரது குருத்துவப் பணி தடைசெய்யப்பட்டது. அத்தடை 2019 பெப்ரவரியிலேயே பாப்பரசர் பிரான்சிஸினால் நீக்கப்பட்டது. இதனிடையே, 1994இல், தாம் நேசித்த முன்னணியிலிருந்தும் அவர் விலகினார். தம் நினைவுக்குறிப்புகளின் ஒரு தொகுதிக்கு ‘இழந்த புரட்சி’ என்று பெயரிட்டார். டானியல் ஒர்த்தேகாவின் ஆட்சி மீண்டபோது அதன் கடும் விமரிசகராயிருந்தார். 2020 மார்ச்சில் அவர் மறைந்தபின் மனாகுவாப் பேராலயத்தில் நடைபெற்ற இறுதித் திருப்பலியின்போது, ஆட்சியின் ஆதரவாளர்கள் ஆலயத்துள்ளேயே அவரைத் துரோகி என்று கூவினர். அவரது அஸ்தி சொலென்ரினாமேயிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

திருச்சபையின் தண்டனையையும் புரட்சியின் வசையையும் ஒருங்கே பெற்ற ஒருவரின் நூலை இனி எவ்வாறு படிப்பது? தோல்வியின் ஆவணமாகப் படிக்கலாம் என்போர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. வட்டத்திலே கேட்கப்பட்ட வினா எந்த ஆட்சிக்கும் உரியதன்று என்பதை இவ்வரலாறே மெய்ப்பிக்கின்றது. மரியாளின் பாடலை இப்போது கேட்டால் அரியணையிலிருப்பவன் என்ன சொல்வான் என்ற வினா 1970களில் சொமோசாவை நோக்கியது. பின்னர் அதே நாட்டில், அதே புரட்சியின் பெயரால் ஆண்டவர்களையும் நோக்கியது. கேட்டவரையே துரோகியாக்கிய பின்னும் வினா எஞ்சி நிற்கின்றது. விடைகள் காலாவதியாகிவிட்ட பக்கங்களிலும் இந்நூல் வாசிப்புக்குரியதாயிருப்பது இதனாலேயே.

7

இலங்கையிலும் இத்தகைய சிந்தனை புதியதன்று. திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1971இல் சமூக சமய நிலையத்தைக் கொழும்பில் நிறுவினார். போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் ஆரம்பித்த சத்தியோதயம் மலையகத் தோட்டத் தொழிலாளர் மத்தியிற் பணியாற்றியது. 1979 ஜனவரியில் வென்னப்புவையில் ஆசிய இறையியல் மாநாடு நடைபெற்றபோது அலோசியஸ் பீரிஸ் அடிகளார் முக்கியமான ஒரு கருத்தை முன்வைத்தார். ஆசியாவில் வறுமையும் பல்சமயநிலையும் பிரிக்கவியலாதவை. ஆகவே இலத்தீன் அமெரிக்க விடுதலை இறையியலை அவ்வாறே இங்கு நட்டுவிட முடியாது என்பது அதன் சாரம். மைக்கல் றொட்றிகோ அடிகளார் 1980 முதல் புத்தளைப் பகுதியிலே பௌத்த விவசாயிகளிடையே, அவர்களை மதம் மாற்றும் எண்ணமின்றி, அவர்களிடமிருந்து கற்று வாழ்ந்தார். 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலிவேளையிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பீரிஸ் கூறியதைச் சமயக் கல்விக்குப் பொருத்தினால், சொலென்ரினாமேயின் எல்லை இன்னொரு பக்கத்தாலும் புலனாகின்றது. அவ்வட்டத்திலிருந்த அனைவரும் ஒரே நூலைத் தமதெனக் கொண்டவர்கள். நமது ஊர்களிலே சைவரும் கத்தோலிக்கரும் முசுலிம்களும் பௌத்தரும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். ஒருவன் தன் சமயநூலைத் தன்னவரோடு இருந்து கேள்வி கேட்பது முதற்படி. அயலவன் அருகிலிருக்கக் கேள்வி கேட்பது இரண்டாம்படி. றொட்றிகோ அடிகளார் இரண்டாம்படியிற் காலை வைத்தவர். நூலொன்றும் ஒலிப்பதிவும் அவருடைய வட்டத்துக்கு வாய்த்திருந்தால் சொலென்ரினாமே நூலினும் நமக்கு அண்மையான ஒன்று கிடைத்திருக்கலாம்.

நமது மரபிலும் பெரியோர் கல்விக்கு வினாவிடை மாத்திரமே வழியாயிருந்ததில்லை. தவக்காலத்தில் ஊரொன்றுகூடி ஓதும் வியாகுலப் பிரசங்கமும், கத்தோலிக்கக் கிராமங்களின் நாட்டுக்கூத்தும், பாஸ்காவும் உணர்வுவழிக் கல்வியை அளித்தன. யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 18ஆம் நூற்றாண்டில் எழுதியவை இன்றும் வாய்களில் வாழ்கின்றன. எழுத்தறியாத மீனவனும் இவற்றால் பாடுகளின் வரலாற்றை முழுமையாக அறிந்தான், அழுதான். அழுதபின் பேசுவதற்கு ஓரிடம் அவனுக்குத் தரப்படவில்லை. கூத்து முடிந்த களரியில், விளக்கணைக்கு முன்னர், அரைமணிநேரம் ஊரவர் இருந்து பேசினால் நமக்குரிய சொலென்ரினாமே அங்கே தொடங்கும். அதற்குப் புதிய நிறுவனமோ வெளிநாட்டு நிதியோ வேண்டியதில்லை.

தேவாலயத்தைப்பற்றியே பேசிக்கொண்டிருந்தால் என் கட்டுரை அரைவாசி உண்மையையே கூறியதாகும். இதனைப் படிக்கும் நாம் இருக்குமிடம் பல்கலைக்கழகம். விரிவுரையிற் குறிப்பெடுத்து, அதனை மனனஞ்செய்து, பரீட்சைத்தாளில் ஒப்புவித்துப் பட்டம்பெறும் நாம், 1579இன் வினாவிடை நூலை எவ்வளவு தூரம் கடந்துவந்துள்ளோம்? வினாத்தாளைத் தயாரிப்பவருக்கு விடை தெரியும். எழுதுபவருக்கு எதிர்பார்க்கப்படும் விடை தெரியும். பிரெயிரேயைப் பற்றி ஐந்து புள்ளிகள் தருக என்று கேட்கப்பட்டால் நாமும் தயங்காது தருவோம். இதில் ஏதும் முரண் இருப்பதாக நமக்குத் தோன்றுவதுமில்லை.

வாசிக்கத் தெரியாத தோமாஸ் பெஞ்ஞா அத்தீவிலே ஞாயிறுதோறும் தன் மகனுக்கு முன்னே இருந்து, வாசித்துக் காட்டப்பட்டதைக் கேட்டு, யோசித்து, தன் சொல்லிலே பொருள் கூறினார். அவர் கூறியவற்றுட் சில தவறாகவும் இருக்கலாம். ஆனால் அவை அவருடையவை. பெரியவனானால் விளங்கும் என்று எனக்குச் சொன்ன ஆசிரியரை நான் இன்று குறைகூற மாட்டேன். அவரிடமும் ஒருவரும் கேட்டதில்லை. அடுத்த ஞாயிறு ஒரு பிள்ளை அதே வினாவைக் கேட்கும்போது, எனக்கும் தெரியாது, நீ என்ன நினைக்கிறாய் என்று கூற நம்மில் எத்தனைபேர் ஆயத்தமாயுள்ளோம் என்பதே இந்நூல் எனக்கு விட்டுச்சென்ற வினா.